கூரையில் நான்கு துளைகள்: வாட்டர் வாஷ் தோழர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தோழர்களே,

சென்னையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாட்டர் வாஷ் கடைகளில் வேலை பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் கார் வயரிங் வேலை செய்கிறவன். நீங்கள் கழுவித் துடைத்து அனுப்பும் வண்டிகளில் சில, ஐப்பசி பிறந்ததும் என்னிடம் வந்து நிற்கின்றன. ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, கதவுப் பூட்டு தானாகத் திறந்து மூடுகிறது, நடுராத்திரியில் ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்புகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மிதியடியை எடுத்துவிட்டுக் கார்பெட்டைத் தூக்கினால் அடியில் தண்ணீர் நிற்கும். அது எந்த வழியாக வந்தது என்று தேடிப் போனால், சன்ரூஃப் வைத்த வண்டியாக இருந்தால், பல நேரம் அதன் வடிகால் அடைத்துக் கிடக்கும்.

இந்த அடைப்பைப் பார்க்கிற வேலையை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன்? சன்ரூஃபுக்கு வடிகால் இருக்கிறது என்பதே வண்டிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. கம்பெனி சர்வீசுக்கு வண்டி வருடத்துக்கு ஒரு தடவை போகிறது. அங்கே ஆயில், ஃபில்டர், பிரேக் என்று ஒரு பட்டியலை முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். கேட்டால் பார்ப்பார்கள், கேட்காவிட்டால் கூரைப் பக்கம் யாரும் போவதில்லை. மாதம் ஒரு முறையாவது ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கூரையைத் தொட்டுத் துடைக்கிறவர்கள் நீங்கள் மட்டும்தான். கண்ணாடி ஓரத்தில் சருகு சேர்ந்திருப்பது முதலில் உங்கள் கண்ணில்தான் படும்.

சன்ரூஃப் என்பது தண்ணீர் புகாத மூடி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதைச் செய்தவர்களே அப்படி நினைக்கவில்லை. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் பெரும்பங்கு நீரைத் தடுக்கும், கொஞ்சத்தை விட்டுவிடும். விட்டதைப் பிடிக்கத்தான் கண்ணாடிக்கு அடியில் சுற்றிலும் ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார்கள். அதன் மூலைகளில் துளைகள், பெரும்பாலான வண்டிகளில் நான்கு. ஒவ்வொரு துளையிலிருந்தும் சுண்டுவிரலைவிடக் குறுகலான ஒரு டியூப் புறப்படும். முன்னால் உள்ள இரண்டும் வின்ட்ஷீல்டின் இருபுறத்துப் பில்லர்களுக்குள் இறங்கி, முன்சக்கரத்துக்குப் பின்னாலோ கதவுக் கீல் பக்கத்திலோ வெளியே வரும். பின்னால் உள்ள இரண்டும் பின்பக்கப் பில்லர் வழியாகப் போய்ப் பின்சக்கரத்தின் அருகிலோ பம்பருக்கு உள்ளேயோ முடியும். நம் மொட்டை மாடி எப்படியோ அப்படித்தான் இதுவும். மாடியில் விழும் மழையை யாரும் தடுப்பதில்லை, மூலையில் குழாய் வைத்து இறக்கிவிடுகிறோம். புரட்டாசியில் சருகைக் கூட்டாத வீட்டில் கார்த்திகையில் சுவர் ஓதம் காக்கிறது.

ஒழுகுகிறது என்றதும் பீடிங் ஓரமெல்லாம் சிலிக்கான் சீலன்ட் பூசிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீண் வேலை. பூசிய பிறகு கண்ணாடியைத் திறந்தால் பீடிங்கே பிய்ந்து வரும், அடைத்த டியூப் அடைத்தபடியே இருக்கும்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். வானிலை அறிக்கையில் கனமழை என்று வந்தால் ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 7 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 70 லிட்டர். இப்போது வரும் பனோரமிக் சன்ரூஃபின் கண்ணாடி பல வண்டிகளில் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு விரிந்திருக்கிறது. 70 லிட்டரில் முக்கால்வாசிக்கும் மேல் கூரையிலேயே வழிந்து ஓடிவிடும். இருபதில் ஒரு பங்கு பீடிங்கைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை லிட்டர் வாய்க்காலுக்குள் இறங்கும். டியூப் திறந்திருந்தால் சாலைக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. அடைத்திருந்தால் வாய்க்கால் ததும்பி, டாப் லைனிங் வழியாக உள்ளே வரும். நமக்கு இந்த மழை ஒரு நாளோடு நிற்பதும் இல்லை. ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிற ஊர் இது.

எது அடைக்கிறது என்பது வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சித்திரைப் பிறப்புக்குப் பச்சடி வைக்கப் பறிக்கிறோமே, அந்த வேப்பம்பூ போதும். துளைக்கு அளவெடுத்த மாதிரி போய் உட்காரும். புங்கம்பூவும் அப்படித்தான். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் கொட்ட ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் மரத்தடியில் நிற்காத வண்டியிலும் அடைப்பு வருகிறது, காரணம் புழுதி. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஓடும் வண்டிகளின் வாய்க்காலைத் திறந்து பாருங்கள், சிமென்ட் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். சன்ரூஃப் தண்டவாளத்தில் கம்பெனி தடவிய கிரீஸோடு அது சேர்ந்து, முதல் தூறலில் களியாகி, வெயிலில் காய்ந்து கல்லாகிறது. டியூபின் கீழ் நுனியில் சில வண்டிகளில் வாத்து அலகு போல ஒட்டிக்கொள்ளும் ஒரு ரப்பர் மூடி உண்டு. வெளியே உள்ள தண்ணீரும் பூச்சியும் மேலே ஏறாதிருக்க வைத்தது. மேலிருந்து வரும் களி கடைசியில் அங்கேதான் சேர்ந்து நிற்கும்.

இது மட்டமான வண்டிக்கு வரும் நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களை வைத்திருந்தவர்கள் கூட்டாக ஒரு வழக்குப் போட்டார்கள். செடி கொடிச் சருகும் மகரந்தமும் சேர்ந்தால் சன்ரூஃப் வடிகால் அடைத்துக்கொண்டு வண்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது, வடிவமைப்பிலேயே குறை என்பது அவர்கள் வாதம். கோர்ட்டு ஏற்றுக்கொண்ட சமரசத்தை, இழப்பீட்டில் யாருக்கு முன்னுரிமை என்ற சிக்கலால் 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் வண்டியை நிலைகுலைய வைத்தது பூந்தூளும் சருகும்தான்.

இனி நான் சொல்ல வந்ததில் முக்கியமானதற்கு வருகிறேன். ஏர் கன்.

உங்கள் கடையில் கம்ப்ரஸர் இருக்கிறது, கையிலேயே ஏர் கன் இருக்கிறது. துளை அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதை வைத்து ஒரு அடி அடிக்கத்தான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து அடிக்காதீர்கள். கார் டயருக்கு நாம் பிடிப்பது 33 பிஎஸ்ஐ பக்கம். கம்ப்ரஸர் டாங்கில் நிற்பது 120-க்கும் மேல். வடிகால் டியூபோ, வாய்க்காலின் பிளாஸ்டிக் மூக்கில் சும்மா சொருகி வைத்தது. பல வண்டிகளில் கிளிப்பே கிடையாது. கீழே அடைப்பு இருக்கும்போது மேலிருந்து அந்த அழுத்தத்தைக் கொடுத்தால், காற்று அடைப்பைத் தள்ளுவதற்கு முன் டியூபை மூக்கிலிருந்து கழற்றிவிடும். ‘புஸ்’ என்று சத்தம் வரும், காற்றும் தடையில்லாமல் போகும். க்ளியர் ஆகிவிட்டது என்று நினைப்போம். டாப் லைனிங்குக்கு உள்ளே நடந்தது வெளியே தெரியாது.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு வண்டி வந்தது. வண்டிக்காரர் இறங்கியதும் சொன்னது, “அண்ணே, முன்னாடி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. கடையில ஏர் அடிச்சு விட்டாங்க. இப்ப ஊத்துது.” லைனிங்கை இறக்கிப் பார்த்தால் வலது முன் டியூப் கழன்று பில்லருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கு வந்த தண்ணீர் மொத்தமும் பில்லர் வழியாக நேரே ஃப்யூஸ் பாக்ஸ் பக்கம் இறங்கியிருந்தது. கப்ளர்களைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருந்தது. ஏர் அடித்த தம்பி நல்ல எண்ணத்தில்தான் அடித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்படி ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் தொழிலில் அதுதான் பெரிய வருத்தம்; கருவியைக் கொடுக்கிறோம், எங்கே அதைக் கீழே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

சரி, ஏர் இல்லாமல் எப்படி எடுப்பது?

முதலில் வண்டிக்காரரைக் கேட்டு, சன்ரூஃபை முழுக்கத் திறந்து வையுங்கள். சில வண்டிகளில் கூரைக் கண்ணாடி திறக்கவே திறக்காது, ஒட்டி வைத்தது. அதற்கு இந்த வேலை கிடையாது. திறந்ததும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். வாய்க்காலில் காய்ந்து கிடக்கும் சருகையும் புழுதியையும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஊற்றினால் அதெல்லாம் துளைக்குள்தான் போகும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே, வாக்யூமில் ஒல்லியான மூக்கைப் போட்டு உறிஞ்சுங்கள். பிறகு ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு துடையுங்கள். தண்டவாளத்தில் இருக்கும் கிரீஸை வழித்து எடுத்துவிட வேண்டாம். அழுக்கேறிய மேல்படிவை மட்டும் ஒற்றி எடுத்தால் போதும். இந்தத் துடைப்பு ஒன்றே பாதி வேலை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை இதை ஒழுங்காகச் செய்த வண்டியில் டியூப் அடைப்பதே அபூர்வம்.

அதன் பிறகு சோதனை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை முன் இடது மூலையில் மெதுவாக விடுங்கள், இன்னொருவர் கீழே குனிந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்க்கட்டும். உடனே தாரையாக விழுந்தால் வழி திறந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. வலது மூலையிலும் அதே அளவு விட்டு, இரண்டு பக்கமும் ஒரே வேகமா என்று ஒப்பிடுங்கள். ஒப்பிடுவதுதான் நம்பகமான அளவுகோல், ஏனென்றால் ஒவ்வொரு மாடலிலும் தண்ணீர் விழும் இடமும் வேகமும் வேறு. பின் துளைகள் பல வண்டிகளில் கண்ணுக்கே தெரியாது, கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும். வண்டியைப் பின்பக்கம் தாழ்வாக, ராம்ப்பில் நிறுத்தி, வாய்க்காலின் பின்பாகத்துக்கு ஓடும்படி கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பார்க்கலாம். எட்டாத துளையை எட்டிப் பிடிக்கிறேன் என்று லைனிங்கை இழுக்க வேண்டாம். கூரையின் ஓரத்தோடு பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கும் வண்டிகள் நிறைய. அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றுவது உங்கள் வேலையும் இல்லை, பழக்கமில்லாத யாருடைய வேலையும் இல்லை.

தண்ணீர் இறங்காமல் நின்றால் மேலே மேலே ஊற்றாதீர்கள். நின்றதை வாக்யூமாலோ துணியாலோ எடுத்துவிட்டு, முதலில் கீழ் நுனியைத் தேடுங்கள். ரப்பர் மூடி இருந்தால் இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்த, அலகு திறக்கும். பல சமயம் கறுப்புக் களி ஒரு கட்டியாக விழுந்து, பின்னாலேயே தண்ணீர் கொட்டும். அதோடு வேலை முடிந்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் வாக்யூம் இருந்தால் கீழ் நுனியில் வைத்துத் துணி சுற்றி இழுக்கலாம். உறிஞ்சி இழுக்கும்போது டியூப் மூக்கோடு இன்னும் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். கழன்று போகிற பயம் குறைவு.

இதற்கும் மசியாவிட்டால் நைலான் நரம்பு. புல் வெட்டும் மெஷினில் சுற்றுவார்களே, இரண்டு மில்லிமீட்டர் பருமனில், அதுதான் இதற்குத் தோதானது. விவசாயக் கருவி விற்கும் கடையில் கிடைக்கும். வெட்டிய நுனி கூராக இருக்கும், லைட்டரில் லேசாகக் காட்டி மழுங்கடித்துக்கொள்ளுங்கள். கம்பி வேண்டாம், பிரேக் கேபிள் வேண்டாம்; வருடக்கணக்கில் வெயிலில் வெந்த டியூபின் வளைவில் அவை ஓட்டை போட்டுவிடும். நரம்பை மெதுவாக முறுக்கிக்கொண்டே உள்ளே விடுங்கள். வளைவு வந்தால் கைக்குத் தெரியும், அங்கே குத்தாமல் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத் திருப்பி விடுங்கள். உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய நரம்பில் டேப் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. அடைப்பு விட்டதும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர், ஆசிட், பினாயில் எதுவும் கூடாது. பீடிங்கில் எஞ்சின் ஆயில் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அந்த எண்ணெயில் ரப்பர் ஊதிப்போகும். துடைத்துக் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தொட்டுத் தடவினால் போதும்.

கழுவும்போதும் ஒரு கவனம் வேண்டும். பிரஷர் கன்னை சன்ரூஃப் ஓரத்துக்கு நேராக, கிட்டத்தில் பிடிக்காதீர்கள். பீடிங் தாங்காது, மேலே ஒட்டியிருக்கும் புழுதியை நீங்களே வாய்க்காலுக்குள் அடித்து அனுப்புவீர்கள். கூரையிலிருந்து தள்ளி நின்று, சாய்த்துப் பிடித்தால் சரி.

கார்பெட் நனைந்த வண்டியெல்லாம் சன்ரூஃபால் நனைந்தது என்று சொல்லிவிடாதீர்கள். மழையே இல்லாத மே மாதத்தில், ஏசி போட்டு ஓட்டிய வண்டியில் முன் இடது பக்கம் மட்டும் ஈரம் என்றால் பெரும்பாலும் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். கதவு ஓரம் மட்டும் நனைந்தால் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் பிய்ந்திருக்கலாம். வைப்பருக்குக் கீழே சருகு நிறைந்து, அங்கிருந்து உள்ளே வருவதும் உண்டு. மழையிலோ வாஷிலோ நனைந்தவுடன், லைட் இருக்கும் இடத்தில் லைனிங்கில் பழுப்புக் கறை, பில்லர் ஓரமாகக் கசிவு, பிரேக் போட்டால் தலைக்கு மேல் தண்ணீர் அலம்பும் சத்தம் என்றால் அது சன்ரூஃப். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வழக்கத்தைவிட அதிகமாகப் பனிமூட்டம் கட்டுவதும் ஒரு அடையாளம்.

நனைந்துவிட்ட வண்டியைக் காயவைப்பதில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கார்பெட்டை மேலே தடவிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று சென்ட் அடித்து அனுப்புகிறார்கள். கார்பெட்டுக்கு அடியில் கனமான ஸ்பாஞ்ச் இருக்கிறது. மேலே காய்ந்தாலும் அது வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். அதற்கும் அடியில்தான் வயரிங் ஓடுகிறது, தரைத் தகடு இருக்கிறது. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் பல வண்டிகளில் நடுவே, கியர் பக்கத்தில் தரையோடு தரையாகப் பொருத்தியது. விபத்து நடக்கும் நொடியில் வேலை செய்ய வேண்டிய பெட்டி அது. குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டியில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். ஒரு பிடி சருகை முன்கூட்டியே எடுத்திருந்தால் வந்திருக்காத ஆபத்து. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதை இலவசமாகச் செய்யச் சொல்லவில்லை. தண்ணீர் விட்டுச் சோதிப்பதற்கும், அடைப்பு எடுப்பதற்கும் தனித்தனியாக ஒரு தொகை வைத்து, விலைப் பலகையிலேயே எழுதிப் போடுங்கள். கடை முதலாளிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: வேலையைச் செய்கிற பையனுக்கு அதில் பங்கு கொடுங்கள், குனிந்து நிமிர்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. வேலையைத் தொடங்கும் முன் வாய்க்கால் இருக்கும் நிலையை செல்போனில் ஒரு படம் எடுத்து வண்டிக்காரரிடம் காட்டுங்கள். பழைய டியூபாக இருந்தால், “சார், இது மொரமொரன்னு இருக்கு, அடைப்பு விடலேன்னா நிறுத்திடுவேன், லைனிங் இறக்கித்தான் பார்க்கணும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பழி உங்கள் மேல் வராது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினீர்கள் என்றால், அடுத்துப் பார்க்கும் என் போன்றவர்களுக்கும் வேலை சுலபம்.

எப்போது செய்வது? வேப்பம்பூ கொட்டி முடிந்த பிறகு வைகாசியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை. மழை நின்ற பிறகு தை மாதத்தில் இன்னொரு தடவை செய்தால் களி காய்ந்து கல்லாவதற்கு முன் வெளியே வந்துவிடும். மரத்தடியில் நிறுத்துகிறவர் என்றால் ஒவ்வொரு வாஷிலும் வாய்க்காலைத் துடைத்துவிடுங்கள், அதற்குச் சில நிமிடம்தான்.

கடைசியாக, முன்பக்கம் எல்லாம் சரியாக இருந்தாலும் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி இருக்கும் குழியில் கையை விட்டுப் பாருங்கள். பின் டியூப் அடைத்தால் தண்ணீர் சேருவது பெரும்பாலும் அங்கேதான், மாதக்கணக்கில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஈரம் இருந்தால் துடைத்துக் காயவிட்டு, பில்லில் ‘பின் வடிகால் பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
போரூரிலிருந்து ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன்